53-இல் 27 போனால்?

கேள்வி: அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 24 பிள்ளைகளில் பலர் கழித்தலில் திணறுகிறார்கள். இதையே செயலாராய்ச்சியாக, அதாவது என் வகுப்பின் சிக்கலை நானே ஆராய்ந்து சரிசெய்து பார்க்கும் ஆய்வாக, செய்ய விரும்புகிறேன். பாதிப் பேருக்கு மட்டும் புதுமுறையில் கற்பித்து, மீதிப் பேரோடு ஒப்பிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு பாதிக்குப் பலன் தரும் என்று நீங்கள் நம்புவதை மறுபாதிக்கு மறுப்பது எனக்குச் சம்மதமில்லை. செயலாராய்ச்சிக்கு அது அவசியமும் இல்லை. 1946-இல் உளவியலாளர் கர்ட் லெவின் செயலாராய்ச்சியை விளக்கியபோதே, திட்டமிட்டு, செய்து, பலனைப் பார்த்து, மறுபடி திட்டமிடும் சுழற்சியாகத்தான் விளக்கினார்.

முதலில் பழைய நோட்டுகளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ‘திணறுகிறார்கள்’ என்பதை வைத்து ஆராய முடியாது. எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்று தெரிய வேண்டும். 52 − 27 = 35 என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கலாம். 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கும். இன்னொரு பிள்ளை ஒழுங்காகக் கடன் வாங்கி 12-இல் 7-ஐக் கழித்திருக்கும். ஆனால் 5-ஐ 4 ஆக்க மறந்திருக்கும். அதற்கும் விடை 35தான்! இருவருக்கும் ஒரே பாடம் நடத்தினால் ஒருவருக்கு வீண். எனவே முன்தேர்வில் 53 − 27 கொடுங்கள். முதல் பிள்ளை 34 என்றும் இரண்டாவது பிள்ளை 36 என்றும் எழுதும். பிறகு ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, “எப்படிப் போட்டாய், சொல்லு” என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகள்தான் உங்கள் ஆய்வின் உயிர்.

அதன்பின் பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளை வைத்து இரண்டு, மூன்று வாரம் நடத்துங்கள். கட்டைப் பிரித்தால் ஒரு கட்டு குறைவது கண்முன்னே தெரியும். தினமும் தேதி போட்டு ஐந்து வரியாவது எழுதுங்கள். பின்தேர்வில் அதே வகைக் கணக்கை வேறு எண்களில் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். மதிப்பெண் கூடியதற்குத் தீக்குச்சி மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். வீட்டுப் பயிற்சியும் காரணமாக இருக்கலாம்.

தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பெற்றோரிடமும் சொல்லுங்கள். அறிக்கையில் பிள்ளைகளின் பெயர் வேண்டாம். வருகைப்பதிவேட்டு எண்ணும் வேண்டாம், அதை வைத்தே பள்ளியில் அடையாளம் கண்டுவிடுவார்கள். “புதுமுறை பிடித்திருக்கிறதா?” என்று நீங்களே கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். முன்னேறாத பிள்ளைகளையும் அறிக்கையில் விடாமல் எழுதுங்கள். அடுத்த சுற்றை அவர்களை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.