2003ஆம் ஆண்டின் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் அனிமேயை (ஜப்பானிய அசைவூட்டத் தொடர்) தவிர்த்துவிட்டு, இணையத்தில் அதிக மதிப்பெண் பெற்ற அதன் மறுஆக்கமான பிரதர்ஹுட்டை மட்டும் பார்த்தால் போதும் என்கிறார்களே, அப்படிச் செய்யலாமா?

தவிர்க்காதீர்கள். 'மதிப்பெண் அதிகம் உள்ளதை மட்டும் பார்த்தால் போதும்' என்று உங்களுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் கல்லூரி விடுதியில் சொன்னார்கள். அதை நம்பிப் பழைய தொடரை ஆறு ஆண்டுகள் தொடாமலே இருந்தேன். பிறகு ஒரு மழைக்கால விடுமுறையில் பார்த்து முடித்தபோது, இத்தனை நாள் இதை இழந்திருந்தோமே என்று மனம் வலித்தது.

ஹிரோமு அரகாவா இந்தக் கதையை மங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக, 2001இல் ஒரு மாத இதழில் தொடங்கினார். 2003 அக்டோபரில் போன்ஸ் நிறுவனம் அதை அனிமேயாக ஒளிபரப்பத் தொடங்கியபோது மூலக்கதை பாதியைக்கூட எட்டவில்லை. அனிமேயின் முடிவு தன் முடிவிலிருந்து வேறாக இருக்கட்டும் என்று அரகாவாவே கேட்டுக்கொண்டார். அதனால் 51 எபிசோடுகளில் அது தன் வழியே போனது. 2009இல் அதே நிறுவனம் மங்காவை ஒட்டி 64 எபிசோடுகளில் எடுத்ததுதான் பிரதர்ஹுட். ஆகவே முதலாவதைத் தவறாக எடுத்த பிரதி என்று சொல்வது நியாயமே இல்லை. 2005இல் ஜப்பானின் டிவி அசாஹி நடத்திய இணைய வாக்கெடுப்பில் மக்கள் முதலிடம் கொடுத்தது இந்தப் பழைய தொடருக்குத்தான்.

இன்று ரசிகர்கள் அனிமேக்களுக்கு மதிப்பெண் தரும் மைஅனிமேலிஸ்ட் தளத்தில் பிரதர்ஹுட்டுக்கு ஒன்பதுக்கு மேல், பழையதற்கு எட்டை ஒட்டி. பல ஆண்டுகள் பிரதர்ஹுட்தான் அங்கே முதலிடத்தில் இருந்தது. அந்தப் புகழுக்கு அது முழுத் தகுதி உடையது. அரகாவா பிறந்தது ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில். ஐனு என்ற பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் அது. கதையில் இஷ்வால் என்ற மக்களின் மீது போரில் நடக்கும் இன அழிப்பை அவர் எழுதியிருக்கும் விதத்தில் அந்த உணர்வு தெரிகிறது. அந்தப் போரில் கொன்றவர்களே, ஆட்சி மாறிய பின் தங்களையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டும் என்று திட்டமிடுகிறார்கள். சிறுவர்களுக்கான சாகசக் கதையில் இப்படியொரு நேர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் பிரதர்ஹுட்டின் தொடக்கம் ஓடுகிறது. பார்ப்பவருக்குக் கதை ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பில் எடுத்தது போலவே இருக்கிறது. ஹியூஸ் என்ற ராணுவ அதிகாரிக்கு நேர்வது அதில் 10ஆவது எபிசோடிலேயே வந்துவிடும். 2003இல் அது 25ஆவது. இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர் நம் வீட்டுக்கு வந்துபோகிற ஒருவராகவே ஆகிவிடுகிறார். நீனா என்ற குழந்தையின் கதையும் அப்படித்தான்: அவளோடு பழகப் பழைய தொடர் நமக்கு நேரம் தருகிறது. எனக்கு அந்த எபிசோடுக்குப் பின் இரண்டு நாட்கள் அடுத்ததைப் பார்க்க முடியவில்லை.

இனிச் சொல்வது சுவையைச் சற்றுக் குறைக்கலாம். ஆனாலும் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. இறந்த தாயை ரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்று எட்வர்ட் கையையும் காலையும், தம்பி அல்ஃபோன்ஸ் முழு உடலையும் இழப்பதில்தான் கதை தொடங்குகிறது. மங்காவில் ஹோமுன்குலஸ்கள் என்ற செயற்கை மனிதர்கள் வில்லனின் பாவங்களிலிருந்து பிறந்தவை. 2003 தொடரிலோ, தோற்றுப்போன அப்படிப்பட்ட முயற்சிகளிலிருந்து பிறந்தவை. அப்படியானால் அந்தச் சிறுவர்களின் முயற்சியில் பிறந்தது எது? அது தாயின் முகத்தோடு எதிரே வந்து நிற்கும்போது எட்வர்ட் என்ன செய்வான்? இந்தக் கொடுமை பிரதர்ஹுட்டில் கிடையாது.

ஒன்றைப் பெற அதற்கு ஈடான ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது இந்தக் கதையுலகில் ரசவாதத்தின் விதி. பால் பண்ணையில் வளர்ந்த அரகாவாவுக்கு, உழைத்தால்தான் சோறு என்ற பெற்றோரின் வாழ்க்கையிலிருந்து பிறந்த எண்ணம் அது. பிரதர்ஹுட்டின் இறுதியில், பத்தை வாங்கினால் ஒன்றைச் சேர்த்துப் பதினொன்றாகத் திருப்பிக் கொடுப்போம் என்கிறான் அல்ஃபோன்ஸ். 2003இலோ ஒரு பாத்திரம் எட்வர்டிடம், உன்னைப் போலவே உழைத்தும் அரசுப் பணிக்கான ரசவாதித் தேர்வில் தோற்றவர்களுக்கு எங்கே அந்த ஈடு என்று கேட்கிறது. போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது.

முதலில் 2003 தொடரைப் பாருங்கள். அதன் கதையை முடித்துவைக்கும் 2005ஆம் ஆண்டுத் திரைப்படத்தையும் உடனே பார்த்துவிடுங்கள். சில மாதங்கள் இடைவெளி விட்டு பிரதர்ஹுட்டைத் தொடங்குங்கள்; ஓடுகிற அந்த முதல் எபிசோடுகள் அப்போது உங்களுக்கு உறுத்தாது.