காளான் நிறத்தை எடுக்கும், உப்பை?

கேள்வி: வணக்கமுங்க. சாயக்கழிவுத் தண்ணீரைக் காளான் சுத்தம் பண்ணிவிடும் என்று செய்தி பார்த்தேன். எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம். கிணறு இன்னும் உப்புக் கரிக்கிறது. காளான் படுக்கையை வாங்கி உள்ளே போட்டுப் பார்க்கலாமா?
- ஒரு விவசாயி, சென்னிமலை

பதில்: வேண்டாங்க, போட்டுவிடாதீர்கள்.

செய்தி பொய்யில்லை. பட்டுப்போன மரம் வெளுத்து நார் நாராக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது வெண் அழுகல் பூஞ்சையின் வேலை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைக்க அது லாக்கேஸ் போன்ற நொதிகளைச் சுரக்கிறது. அதே நொதிகள் பல சாயங்களையும் உடைக்கும். நாம் சாப்பிடும் சிப்பிக் காளானும் இந்த வகைதான்.

நான் திருப்பூர் சாயப்பட்டறை லேபில் இருபது வருஷம் ஷேடு, அதாவது சாயத்தின் நிற அளவு, பார்த்தவன். ஒருமுறை அறுவடை முடிந்த காளான் படுக்கையிலிருந்து ஒரு பிடி வைக்கோலை எடுத்து, நீலச் சாயமும் உப்பும் கலந்த தண்ணீரில் போட்டு வைத்தேன். மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தது. ஆனால் வைக்கோலில் படர்ந்திருந்த பூஞ்சையின் வெள்ளை இழை முழுக்க நீலம். சாயம் இடம்தான் மாறியிருந்தது. ஒரு வாரம் போனபிறகு இழையும் மெல்ல வெளுத்தது. அதுதான் நிஜமான உடைப்பு. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன். ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற, அடர் ஷேடு என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு போடுவோம். அது துணியில் நிற்காது, கழிவோடு வந்துவிடும். ஆற்றில் விட அனுமதிக்கும் அளவோ, கரைந்த உப்பெல்லாம் சேர்த்து லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய அணை சாயக்கழிவுக் குட்டையாகி உங்கள் மண்ணைக் கெடுத்ததில் பெரும்பங்கு அந்த உப்புக்கு. அதைப் பூஞ்சை தின்னாது. நீர் லேசாகப் புளித்திருந்தால்தான் அதற்குப் பிடிக்கும். சோடா உப்பு கலந்த சாய நீரோ காரம். ஆலைக்குள் பக்குவம் பார்த்து, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்துக்கு முன்னால் நிறம் எடுக்க வைத்துக்கொள்ளலாம். கிணற்றில் வைக்கோல் அழுகி நாறும், அவ்வளவுதான்.

மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு ஒரு லிட்டர் பிடித்து, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்துத் திறனையும் கார அமில நிலையையும் சொல்வார்கள். அந்தச் சீட்டை எனக்கு அனுப்புங்கள். எந்தப் பயிர் தாங்கும் என்று பார்ப்போம்.