வாசகர் கேள்வி பதில்: மாவு கொட்டும் மீன்கொத்தி

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மறுநடவுக்காகச் சாய்த்த பால்மரத்துண்டில் (ரப்பர் மரம்) வெண்மார்பு மீன்கொத்தியை அதன் அளவிலேயே செதுக்கினேன். மூன்றே மாதத்தில் மாவு கொட்டுகிறது, அலகும் முறிந்துவிட்டது. இறகுகளை ஒவ்வொன்றாகக் கீறியும் பொம்மை போலவே இருக்கிறது. எங்கே தவறினேன்?
– வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: மாவு கொட்டுவது உங்கள் கைப்பிழை அன்று. பால்மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் துளைவண்டு அதைக் குடைந்து தூளாக்காமல் விடுவதில்லை. தளவாடத்திற்கான பலகையை அறுத்த கையோடு போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்துவதும் இதற்காகத்தான். அடுத்த பறவைக்கு ஜெலுத்தோங் வாங்குங்கள். அதுவும் பால் வடியும் நம் காட்டு மரமே. மென்மையும் நேரான இழையும் கொண்டதால் உளிக்கு நன்றாக இணங்கும். வாங்கும்போது பலகையைப் புரட்டிப் பாருங்கள்: பால் ஓடிய தடங்கள் கண் வடிவப் பிளவுகளாகத் தெரியும். அவை பறவையின் முகத்தில் விழாதபடி வரைபடத்தை நகர்த்திக்கொள்ளுங்கள்.

அலகின் நீளத்தோடு இழை ஓடினால்தான் அலகு தாங்கும். பறவை தலையைத் திருப்பி அமர்ந்திருப்பதாகச் செதுக்கினால், தலையைத் தனித்துண்டில் செய்து ஒட்டுவதே நல்லது.

பொம்மைத்தனம் இறகில் இல்லை, உருவத்தில் இருக்கிறது. இப்பறவை சுமார் 28 செ.மீ. நீளம், அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அலகே. கால்வாய் ஓரக் கம்பியில் அது அமர்ந்திருக்கையில் பொறுமையாகப் பாருங்கள்: கழுத்தே தெரியாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். அந்த அமைப்பு கைவந்த பிறகே இறகுக்கு வாருங்கள். அலகோரத்தில் அரிசியினும் சிறிதாகத் தொடங்கி முதுகை நோக்கி விரியும் இறகுகளை முதலில் பென்சிலால் வரிசைப்படுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் கீறினால் பறவை ஓடு வேய்ந்த கூரையாகிவிடும். முதுகின் நீலம் சாயமன்று, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. ஆகவே ஒரே நீலத்தைத் தடித்துப் பூசாமல், நீலத்தையும் பச்சையையும் நீர்த்த பூச்சுகளாக மாற்றி மாற்றி ஏற்றுங்கள்.

கேள்வி: விரால் மீன் செதுக்குகிறேன், துடுப்பு உடைந்துகொண்டே இருக்கிறது.
– அதே ஊர், மற்றொரு வாசகர்

பதில்: துடுப்பைத் தாங்கும் கதிர்கள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழை ஓடும் மெல்லிய துண்டில் அதைத் தனியே செய்து, உடலில் காடி வெட்டிப் பொருத்துங்கள். இன்னொன்று: பலர் விராலின் தலையை வழவழப்பாக விட்டுவிடுகிறார்கள். அதன் தலையிலும் செதில் உண்டு, அதுவும் பெரிய செதில். பாம்புத்தலையின் சாயலைத் தருவதே அதுதான்.