தங்கம் தேடும் ட்ரோன் கொல்லைப்புறத்தையும் பார்க்குமா?

கேள்வி: ட்ரோன் மூலம் நிலத்தடித் தங்கத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? அது எங்கள் வீடுகளையும் படம்பிடித்தால் என்ன செய்வது?
– வாசகி, கோலார் தங்கவயல்

பதில்: ட்ரோன் தங்கத்தை நேரடியாகக் காண்பதில்லை. தங்கம் காந்தத்தால் ஈர்க்கப்படாது. ஆனால் அதைத் தாங்கிய பாறைகளின் காந்தத்தன்மை சுற்றியுள்ளவற்றிலிருந்து வேறுபடக்கூடும் என்பதால், மோட்டாரின் காந்தப்புலம் அளவீட்டைக் கெடுக்காதபடி காந்தப்புலத்தை அளக்கும் கருவியான காந்தமானியைச் சில மீட்டர் நீளக் கயிற்றில் தொங்கவிட்டு, உழவுசால் ஓட்டுவதுபோல் இணைகோடுகளில் பறக்கவிடுகிறார்கள். கிடைப்பது பாறைகளின் காந்த வேறுபாட்டைக் காட்டும் வரைபடமே. தங்கம் உண்டா என்பதைத் துளையிட்டு எடுக்கும் மாதிரிதான் உறுதிசெய்யும்.

உங்கள் கவலைக்கு உரியது கேமராதான். நிலத்தின் மேடுபள்ளத்தை வரைய, ஒன்றன்மேல் ஒன்று படியும் நூற்றுக்கணக்கான படங்களை எடுப்பார்கள். 2001இல் மூடப்பட்ட சுரங்கத்தைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கி நிற்கும் உங்கள் ஊரில், கொல்லையில் துணி உலர்த்துபவரும் அவற்றில் பதிவாகலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பதிவுக்கும் வான்வெளிக்கும் தரும் கவனத்தை அந்தரங்கத்துக்குத் தரவில்லை. இதைப் பெருங்குறையாகவே கருதுகிறேன். பச்சை மண்டலம் எனப்படும், கட்டுப்பாடு குறைந்த வான்பகுதியில் 400 அடி வரை பறக்க முன் அனுமதியும் வேண்டியதில்லை.

ஆனால், கனிமம் தேடுவதற்கு 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்படி அரசின் அனுமதி வேண்டும். எனவே ட்ரோன் பறந்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அனுமதி பெற்றவர் யார், படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பார், வீடுகளை மறைத்துத்தான் பயன்படுத்துவாரா என்று மாவட்டச் சுரங்கத்துறை அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். சன்னலோரம் தாழ்ந்து நின்று படமெடுத்தால் காவல் நிலையத்தில் புகார் அளியுங்கள்.