அப்பா குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்
68 வயது அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன், தினமும் ஒரு குவார்ட்டர் அடிப்பதை டாக்டரிடம் சொன்னால் மானம் போய்விடும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மானம் கிடக்கட்டும், மயக்க மருந்து டாக்டரைத் தனியாகப் பார்த்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள். 180 மில்லி, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது என்று அளவோடு. 'எப்பவாவது சார்' என்று மழுப்ப வேண்டாம்.

வார்டில் குடி சட்டென்று நின்றால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு மூன்று நாளில் வலிப்போ பிதற்றலோ வரலாம். அந்த வயதில் அது உயிருக்கே ஆபத்து. முன்பே தெரிந்தால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, மாத்திரை என்று சமாளித்துவிடுவார்கள். நீங்களாக வீட்டிலேயே திடீரென நிறுத்த வைக்காதீர்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன் மனநல டாக்டரை வார்டுக்கே வரச்சொல்லிக் கேளுங்கள். படுக்கையில் இருக்கும்போதுதான் அப்பாக்கள் கொஞ்சம் காது கொடுப்பார்கள்! பிறகு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம்.