யாழ்ப்பாணத்தில் நல்ல இசையும் நல்ல சாப்பாடும் வேண்டுமென்றால் எப்போது, எங்கே போகலாம்?

சென்னையிலிருந்து நாலைந்து நாள் வருகிறேன், பாட்டும் சாப்பாடும்தான் முக்கியம், எந்தச் சபாவுக்குப் போகலாம், எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சபாவைத் தேடி வந்தால் ஏமாந்துபோவீர்கள். மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இசை கற்பிக்கிறது, பாடத் தெரிந்தவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து கேட்கிற கச்சேரி இங்கே எப்போதாவதுதான். எங்களுடைய பெரிய இசை கோயில் வீதியில், இரவில், காசில்லாமல் நடக்கும். அதனால் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் பயணத்தைப் போடுங்கள்.

நான் சொல்வது மேளச்சமாவை. நாதஸ்வரமும் தவிலும். அளவெட்டி, இணுவில் பக்கம் இந்தக் கலைஞர்களுக்குப் பேர்போன ஊர்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) இந்த மண்ணிலிருந்து போய்த் தமிழ்நாட்டு வித்துவான்களையே தலையசைக்க வைத்தவர். நாதஸ்வரத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதனின் பெயரை வயதானவர்கள் இன்றும் மரியாதையோடுதான் சொல்வார்கள். திருவிழா உபயகாரர் கொஞ்சம் கையை விரித்துச் செலவழிக்கிறவராக இருந்தால், பல இடத்து மேளங்களை அழைத்து ஒரே வீதியில் வாசிக்க விடுவார். சுவாமி மெல்ல மெல்ல நகரும், சனம் சுவாமியை விட்டுவிட்டுத் தவிலைச் சுற்றி நிற்கும். ஒருவர் வாசித்ததை மற்றவர் வாங்கித் திருப்பிக் கொடுக்க, கைதட்டல் விழ, நேரம் போவதே தெரியாது. நடுச்சாமம் தாண்டினால் இளைஞர்கள் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள், அதையும் வாசிப்பார்கள். எனக்கு அது அவ்வளவு பிடிக்காது. ராகம் வேண்டுமென்றால் முன்னிரவிலேயே போய் நில்லுங்கள்.

எல்லோரும் நல்லூர்க் கந்தசாமி கோயிலைத்தான் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்கு. 25 நாள் திருவிழா, ஆவணி அமாவாசையை ஒட்டித் தீர்த்தம், அதற்கு முதல் நாள் தேர். அங்கே பார்க்க வேண்டியது ஒழுங்கு. சொன்ன நேரத்துக்கு மணி அடிக்கும், சொன்ன நேரத்துக்குச் சுவாமி வெளியே வரும், அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் ஒரு ரூபாய். அலங்காரக் கந்தன் என்று சும்மா சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் தவிலைப் பக்கத்தில் நின்று ரசிப்பது கஷ்டம். மேளத்துக்கென்றே வருகிறீர்கள் என்றால் சின்ன ஊர்க் கோயில்களில் தேர், தீர்த்தம் முடிந்து நடக்கும் பூங்காவனத் திருவிழாவை விசாரியுங்கள். பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் எங்கேயாவது ஒரு கோயிலில் கொடி ஏறியிருக்கும். ஓட்டோக்காரரைக் கேட்டால் இன்றைக்கு எந்த வீதியில் மேளம் என்று சொல்லிவிடுவார்.

இனிச் சாப்பாடு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நல்லூர்க் கொடியேறினால் சைவ வீடுகளில் பெரும்பாலும் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். யாழ்ப்பாணச் சாப்பாடு என்று நீங்கள் கேள்விப்பட்ட நண்டுக் கறியும் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழும் அந்த நாட்களில் கடையில் கிடைக்கலாம், வீட்டில் கிடைக்காது. ஆனால் கூழ் என்பது கடையில் சாப்பிட வேண்டிய சாப்பாடே அல்ல. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை எடுத்து, பெரிய பானையில் மீன், நண்டு, இறால், கணவாய், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் அவிய, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் விட்டு, கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றித் தடிக்க வைப்பார்கள். முற்றத்தில் சுற்றியிருந்து, பனையோலையில் கோலிய பிளாவில் வாங்கிக் குடிக்க வேண்டும். மூக்கும் கண்ணும் சேர்ந்து ஓடும். தெரிந்தவர் யாராவது இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். நாலு பேருக்குக் கூழ் காய்ச்ச யாருக்கும் மனம் வராது, உங்கள் சாட்டில் இருபது பேர் கூடிவிடுவார்கள்.

ஆக, கூழும் நண்டும் வேண்டுமென்றால் வைகாசி, ஆனியில் வாருங்கள். ஊர்க் கோயில் மேளமும் கிடைக்கும், பாசையூர், குருநகர்ப் பக்கம் மீனும் வாங்கலாம், கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் இருக்கும். வெயில் கொளுத்தும், அதைத் தாங்கத்தான் வேண்டும். ஆவணியில்தான் வர முடியும் என்றாலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள். நகரத்தில் மலாயன் கபேயில் வாழையிலைச் சைவச் சாப்பாடு, வெந்தயமும் மஞ்சளும் போட்டுத் தாளிதம் சேர்த்த எங்களூர்த் தோசை, இடியப்பமும் சொதியும், வீதியோரக் கச்சான் (வேர்க்கடலை), பருத்தித்துறை வடை. இரவில் நல்லூர் பக்கத்து ஐஸ்கிரீம் கடைகளில் இடம் பிடிப்பது தனிப் போராட்டம். ஒரு நாள் தொண்டைமானாற்றுக்குப் போய்ச் செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானம் சாப்பிடுங்கள். நல்லூரார் அலங்காரக் கந்தன் என்றால் இந்த முருகன் அன்னதானக் கந்தன். சோறும் கறிகளும் சாதாரணம்தான், ஆனாலும் நான் எந்த ஹோட்டலுக்கு முன்பும் அதைச் சொல்வேன்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விடுகிறார்கள், மழைக்காலத்தில் நிற்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். தேர் நடக்கும் வாரத்தில் கனடா, லண்டன் உறவுகள் எல்லாம் வந்து அறைகளை நிரப்பிவிடுவார்கள், முதலே பதிந்துவிடுங்கள். ஆண் என்றால் வேட்டி ஒன்று கொண்டுவாருங்கள், நல்லூருக்குள் சட்டையோடு விடமாட்டார்கள். திருவிழா நாட்களில் வெளி வீதியிலும் செருப்புக் கூடாது. மணல் பரப்பியிருப்பார்கள், ஆனாலும் மத்தியான வெயிலில் கால் சுடும், பின்னேரம் போவது நல்லது.