டிஸ்போசல் ஜீப், ஜோங்கா, ஜிப்ஸி: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராணுவம் கழித்துவிட்ட ஜீப், நிஸ்ஸான் ஜோங்கா, மாருதி ஜிப்ஸி போன்ற வண்டிகளைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஊர் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ராணுவ ஏலத்தில் நானே நேரடியாக ஒரு ஜிப்ஸி எடுக்க முடியுமா? (பொள்ளாச்சி)

முடியும். கழித்த வண்டிகள் பெரும்பாலும் எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆன்லைன் ஏலத்துக்குத்தான் வருகின்றன. பதிவு செய்து முன்பணம் கட்டினால் யாரும் கேட்கலாம். ஆனால் பெரும்பாலும் பல வண்டிகளைச் சேர்த்து லாட்டாகப் போடுவார்கள். ஒரு வண்டிக்கு ஆசைப்பட்டு ஐந்தாறு வண்டிக்குப் பணம் கட்ட வேண்டி வரும். பழைய இரும்பு வியாபாரிகள் லாட்டை எடுத்துப் பிரித்து விற்பது இதனால்தான். 'உள்ளது உள்ளபடி' விற்பனை என்பதால், எடுத்த பிறகு என்ஜின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை என்று யாரிடமும் முறையிட முடியாது. பார்வையிட ஒதுக்கும் நாளில் டிப்போவுக்கு நேரில் போங்கள்.

லாட் விவரத்தில் ஒன்றை முதலில் தேடுங்கள்: வண்டியாக விற்கிறார்களா, ஸ்கிராப்பாக விற்கிறார்களா? ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் படிவம் 21 வேண்டும். முன்னாள் ராணுவ வண்டிகளுக்கு, அதை விற்ற அதிகாரியே தரும் அசல் விற்பனைச் சான்றிதழ் அது. மத்திய மோட்டார் வாகன விதி 47-ல் தெளிவாக இருக்கிறது. அந்தத் தாள் இல்லாமல் ஆர்டிஓ வாசலை மிதிக்காதீர்கள்.

நல்ல கண்டிஷனில் ஜீப் ஒன்று வருகிறது. பேப்பர் இல்லை, "பிறகு போட்டுக்கலாம்" என்கிறார்கள். எடுக்கலாமா? (கரூர்)

வேண்டாம்.

நல்ல மிலிட்டரி வண்டி எது? என்ன விலை வரும்? உடனே பதில் சொல்லவும். (ஊர் குறிப்பிடவில்லை)

எதற்கு வேண்டும், எவ்வளவு ஓட்டுவீர்கள், வீட்டில் நிறுத்த இடம் இருக்கிறதா, பக்கத்தில் பழைய ஜீப் வேலை தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று ஒன்றுமே எழுதவில்லை. இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

தோனி வைத்திருப்பது போன்ற ஜோங்கா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்? (சேலம்)

லிட்டருக்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் 3, நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 5. நிஸ்ஸானின் 'பேட்ரோல்' ஜீப்பின் அந்தக் கால மாடலை உரிமம் பெற்று ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் கட்டிய வண்டி இது. 6 சிலிண்டர், ஏறக்குறைய 4 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 110 குதிரைத்திறன். பெட்ரோல் 100 ரூபாய் என்று போட்டால் கிலோமீட்டருக்கு 25 ரூபாய். சென்னையிலிருந்து கோவைக்கு 500 கிலோமீட்டர், ஒரு வழிக்கு 12,500 ரூபாய். இந்தக் கணக்கைப் பார்த்து மனம் தளர்கிறது என்றால் இப்போதே விட்டுவிடுங்கள். வாங்கி ஷெட்டில் நிறுத்தி வைத்தால் டேங்கில் துருவும் பிரேக் சிலிண்டரில் ஒட்டலும் வந்து, எடுக்கும்போதெல்லாம் செலவு வைக்கும்.

அதே ஜோங்காவில் டீசல் என்ஜின் மாட்டினால் மைலேஜ் இரட்டிப்பாகும் என்கிறார் மெக்கானிக். (ஈரோடு)

மைலேஜ் கூடும், அது உண்மை. ஆர்சி புக்கில் பெட்ரோல் என்று இருக்கும்போது டீசல் ஓடினால் வண்டியும் சட்டத்துக்கு வெளியே, இன்ஷூரன்ஸும் கேள்விக்குறி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. விபத்தில் ஒருவர் அடிபட்டால் அந்தக் குடும்பத்துக்கு யார் பணம் கட்டுவது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆர்டிஓ-விடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் என்ஜினில் கை வைக்காதீர்கள். முன்னால் போடும் புல் பார் எனப்படும் இரும்புக் கம்பி வளையமும் இதே பிரிவில்தான் மாட்டும். 2017 இறுதியிலேயே மத்திய அரசு அதை அகற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

ஹரியானா நம்பரில் ராணுவ டிஸ்போசல் ஜிப்ஸி. என்ஓசி (தடையில்லாச் சான்று) தருகிறேன் என்கிறார் புரோக்கர். என்னென்ன பார்க்க வேண்டும்? (மதுரை)

இப்படிக் கேட்பதுதான் முறை. டெல்லி வட்டாரத்தில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும் தடை வந்த பிறகு அங்கிருந்து தெற்கே வண்டிகள் நிறைய இறங்குகின்றன. நல்லவையும் உண்டு, ஆள்மாறாட்டமும் உண்டு.

முதலில் பேப்பர். ஆர்சி-யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கண்ணால் பார்த்தால் போதாது. மெல்லிய தாளைச் சேசிஸ் மேல் வைத்துப் பென்சிலால் தேயுங்கள். தொழிற்சாலையில் அடித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் வரும். ஒரு எழுத்து மட்டும் தூக்கியோ சாய்ந்தோ இருந்தால், எண்ணைச் சுற்றி அரம் ஓடிய தடம் தெரிந்தால், டீயைக் குடித்துவிட்டு ஊருக்குத் திரும்புங்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. பழைய ஆர்டிஓ தந்த படிவம் 28, அதாவது என்ஓசி, கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். இங்கே வந்ததும் ஆயுள் வரி, பசுமை வரி தனி. 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய். 20 தாண்டினால் 10,000.

அப்புறம் வண்டி. ஜிப்ஸியில் எல்லாரும் என்ஜினைத்தான் கேட்பார்கள். அந்த 1.3 லிட்டர் என்ஜின் உழைக்கும், அதைப் பற்றிக் கவலை குறைவு. நீங்கள் குனிந்து முன் சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையாக இருக்கும் நக்கிளைத் தடவிப் பாருங்கள். கையில் கருப்புக் கிரீஸும் எண்ணெயும் வழிந்தால் சீல் போய்விட்டது. முன் ஆக்சிலைப் பிரிக்காமல் அந்த வேலை நடக்காது. பிறகு வண்டிக்குள் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். புதிதாகக் கருப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள். டொங்கென்று சத்தம் வர வேண்டும். மொத்தென்று கேட்டால் அடியில் துரு, மேலே பூச்சு. ஃபோர் வீல் லோ போட்டு மண்ணில் பத்தடியாவது ஓட்டிப் பாருங்கள். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பிச் சோதிக்காதீர்கள், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.

ஒலிவ் கிரீன் பெயின்ட் அப்படியே இருக்கட்டும், அம்புக்குறி நம்பரும் முன்னால் அழகுக்கு இருக்கட்டும் என்று நினைக்கிறேன். யாராவது கேட்பார்களா? (கோவை, இதே கேள்வி திருச்சி, நாகர்கோவில், குன்னூரிலிருந்தும்)

கேட்பார்கள், கேட்க வேண்டும். இதைப் பல தடவை எழுதிவிட்டேன். திரும்பவும் எழுதுகிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதி 121: பாதுகாப்புத் துறையின் வண்டி தவிர வேறு வண்டிக்கு ஒலிவ் கிரீன் அடிக்கக் கூடாது. விதி ஒன்றரை வரிதான், சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஏலத்தில் எடுத்த நாளோடு அது ராணுவ வண்டி இல்லை. பதிவுக்குப் போகும் முன்பே வேறு நிறம் அடித்து, அந்த நிறத்தையே ஆர்சி-யில் பதிய வேண்டும். மணல் நிறம், சாம்பல், வெள்ளை, அடர் நீலம் எல்லாமே இந்த வண்டிகளுக்கு நன்றாகப் பொருந்தும்.

அம்புக்குறி இன்னும் மோசம். கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, முதலில் மேல்நோக்கிய அம்பு, பிறகு வருஷத்தின் இரண்டு இலக்கம், பிறகு எழுத்தும் எண்ணும்: அது பாதுகாப்பு அமைச்சகத்தின் பதிவு. வெள்ளைக்காரன் காலத்தில் அரசுடைமையைக் குறிக்கப் போட்ட அம்பு முத்திரையின் தொடர்ச்சி அது. வண்டியைக் கழித்ததும் அந்த எண்ணின் வேலை முடிந்தது. அதை முன்னால் மாட்டிக்கொண்டு, பின்னால் சின்னதாகத் தமிழ்நாட்டு நம்பர் போட்டு ஓட்டுகிறவர்களை மேட்டுப்பாளையம் சாலையில் நானே பார்க்கிறேன். சிலர் மூத்த அதிகாரிகளின் நட்சத்திரத் தகடும் சேர்த்து மாட்டுகிறார்கள். டோல் கேட்டில் ராணுவ வண்டிக்குக் கட்டணம் கிடையாது, 1901-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்தே அந்தச் சலுகை இருக்கிறது. பணியில் இருக்கும் படைக்குக் கொடுத்த சலுகையை ஒரு தகட்டை மாட்டி எடுத்துக்கொள்வது திருட்டு. வேறு பெயர் அதற்கு இல்லை.

"ராணுவத்தின் மேல் இருக்கிற மரியாதையில்தான் சார்" என்று எழுதுகிறார் திருச்சி வாசகர். மரியாதை இருப்பவர் இதைச் செய்ய மாட்டார். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் இருந்தார்கள். வழியில் ஒரு போலீஸ் அதிகாரி வந்த வாகனத்தைப் பறித்துக்கொண்டு தளத்தை நோக்கி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவமே, பொதுமக்கள் ராணுவ டிசைன் துணி அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. கன்டோன்மென்ட் வாசலில் நிற்கும் இளம் சிப்பாய்க்கு வண்டியின் நிறமும் தகடும்தான் முதல் அடையாளம். உங்கள் அழகுக்காக அந்த அடையாளத்தை நீங்கள் மங்கச் செய்கிறீர்கள். ராணுவத்தில் இல்லாதவர் படைவீரர் என்று பிறர் நம்பும்படி அவர்கள் உடையோ சின்னமோ தரித்தால் 3 மாதம் வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 168.

ஜெர்ரி கேன் ஸ்டாண்டு, மண்வெட்டி மாட்டும் கிளிப், கான்வாய் விளக்கின் கூடு எல்லாம் வண்டியோடு வந்தவை, இருக்கட்டும், அவைதான் வண்டியின் வரலாறு. ஜோங்காவில் 106 மி.மீ. பீரங்கி ஏற்றிய ரகம் கிடைத்தால், குழல் வைக்க முன் கண்ணாடிக்கு நடுவில் விட்டிருக்கும் இடைவெளியை அடைத்துவிடாதீர்கள். தகட்டைக் கழற்றுங்கள், பெயின்ட்டை மாற்றுங்கள். இதில் எனக்குப் பேரம் கிடையாது.

அமெரிக்காவில் அண்ணன் இருக்கிறார். ஹம்மர் எச்1 ஒன்றை அனுப்பச் சொல்லலாமா? (தஞ்சாவூர்)

முடியாது. பழைய கார் இறக்குமதிக்கு 3 வயதுக்குள் இருக்க வேண்டும், வலப்பக்க ஸ்டீயரிங் இருக்க வேண்டும் என்பது விதி. எச்1 பொதுமக்களுக்கு 1992-ல் விற்பனைக்கு வந்து 2006-ல் நின்றுவிட்டது. அண்ணன் அங்கேயே ஓட்டட்டும். அகலம் 2.2 மீட்டர், நம் பொலேரோவைவிட அரை மீட்டர் அதிகம். எச்2 வேறு ரகம், அது ஜெனரல் மோட்டார்ஸின் பிக்கப் சேசிஸில் எழுந்த வண்டி. இரண்டையும் ஒன்றாக எண்ணி விலை கேட்காதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்பரேட்டர் வண்டிக்கு ஆகுமா? (விழுப்புரம்)

20 சதவீதக் கலப்பு இப்போது எங்கும் வந்துவிட்டது, தப்பிக்க வழி குறைவு. பழைய ரப்பர் ஹோஸ், ஃப்யூவல் பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ஹோஸ் வெடித்து, சூடான மேனிஃபோல்டில் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துவிடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால் அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

1972 ஜோங்கா. வின்டேஜ் பதிவு எடுத்தால் எல்லாத் தொல்லையும் தீருமா? (புதுக்கோட்டை)

2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டி, அசல் வடிவத்தில் இருந்தால் தகுதி உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பரில் 'விஏ' வரும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் தோட்டத்துக்குப் போய்வர இது உதவாது. டீசல் மாற்றியிருந்தால் இந்த வழியும் அடைபடும்.

மனைவி, இரண்டு குழந்தைகள். ஜிப்ஸியைத் தினசரி வண்டியாக வைத்துக்கொள்ளலாமா? (திண்டுக்கல்)

வேண்டாம். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பின்னால் பக்கவாட்டு பெஞ்சு. குழந்தையைப் பெல்ட்டில் கட்டக்கூட வழியில்லாத இடத்தில் உட்கார வைக்காதீர்கள். அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால் புது ஃபோர்ஸ் கூர்க்கா பாருங்கள். முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசை போக வைக்கும் பூட்டு), கம்பெனியே மாட்டிய ஸ்நார்க்கல் (என்ஜினுக்குக் காற்றை மேலிருந்து இழுக்கும் குழாய்), 700 மி.மீ. தண்ணீரில் இறங்கும். ராணுவமே 2025-ல் ஏறக்குறைய 3,000 கூர்க்காவுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பேப்பர் தலைவலியும் இல்லை.

ஆஃப்ரோடு ஓட்ட நீலகிரிக் காட்டுக்குள் நல்ல பாதை சொல்லுங்கள். (சென்னை)

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி நுழைவது குற்றம். பாதை சொல்ல மாட்டேன். சொந்த நிலத்திலோ, உரிமையாளர் எழுதிக் கொடுத்த தோட்டத்திலோ ஓட்டுங்கள்.

ஜோங்காவில் கொடைக்கானல் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனது. எந்த பிரேக் ஆயில் நல்லது? (பழனி)

ஆயிலை மாற்றுவதற்கு முன் ஓட்டும் முறையை மாற்றுங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், வண்டி ஒன்றரை டன்னுக்கு மேல். காலை எடுக்காமல் மிதித்தபடி இறங்கினால் டிரம் சூடேறி லைனிங் வழுக்கும். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் ஒருபோதும் விடாதீர்கள். அப்புறம் நான்கு டிரம்மையும் கழற்றி வீல் சிலிண்டர் ரப்பர் கப்பை மாற்றுங்கள். சென்னை புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் கிடைக்காவிட்டால் ஜபல்பூரிலிருந்து வரவழையுங்கள். அளவு கிட்டத்தட்ட ஒத்துவருகிறது என்று வேறு வண்டியின் கப்பை அமுக்கிப் போட விடாதீர்கள். இந்த வேலை முடியும்வரை வண்டி மலை ஏறக் கூடாது.